ஒரே எண்ணில் இருவர்

மார்ச் 3
வடிவமைப்புப் பிரிவின் மேக் கணினிகளையும் அலுவலகத்தின் பொதுப் பயனர் பட்டியலில் சேர்த்தாயிற்று. விண்டோஸ் போன வாரமே முடிந்தது. இனி எதில் உட்கார்ந்தாலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். யார் எதைத் திறக்கலாம் என்பதும் ஒரே இடத்தில் முடிவாகும். படம் வரைகிறவர் புலம்பினார்: “மூணு மெஷின்ல மூணு பேர பாஸ்வேர்டா வெச்சு சமாளிச்சேன். இப்ப யார விடறதும்மா?”

“மாமியார் பேர வைங்க சார், மறக்கவே மாட்டீங்க” என்றேன்.

சிரித்தபடி திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி. அதில் உட்கார்ந்திருந்த என் தோழி, நான் ‘வாலு’ என்று கூப்பிடுகிறவள், இருந்திருந்தால் இதைவிட மோசமாக ஏதாவது சொல்லியிருப்பாள். வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய் ஏழு மாதம்.

மார்ச் 5
நாளை லினக்ஸ் சர்வர்கள். பழைய கணக்குகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவைத்தேன்.

மார்ச் 6
பயந்தது நடந்தது. லினக்ஸுக்கு ஆளைப் பெயரால் தெரியாது, எண்ணால்தான். இரண்டு பழைய சர்வர்களும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தன. ஒன்றில் நான் 1012. மற்றதில் வாலு 1012. பட்டியலை ஒன்றாக்கியதும், அவள் விட்டுப்போன கோப்புறை என் பெயரில் வந்து நிற்கிறது.

போன வருஷம் அந்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, “வாடி, ரெண்டு பேரும் போயிடலாம்” என்றாள். “யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். கிளம்பிய நாளில் அவள் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் இல்லை. ஏன்டி? அந்தக் கோப்புறையில் ஏதாவது எழுதி வைத்திருப்பாளா? ஒரு க்ளிக்தான்—

மார்ச் 7
திறக்கவில்லை.

மார்ச் 10
அவளுக்குப் புது எண் கொடுத்து, கோப்புறையை அவள் பெயருக்கே மாற்றினேன். மேலாளர் பார்த்துவிட்டார். “போனவங்களுக்கு எதுக்கும்மா இடம்? அழிச்சிடு.”

“ஒரு வார்த்தை கேட்டுட்டு அழிக்கிறேன் சார்.”

“வெள்ளிக்கிழமைக்குள்ள.”

அவளோடு பேச ஏழு மாதமாகத் தேடிய சாக்கு.

மார்ச் 12
போன் செய்தேன். வேலை விஷயம்போலவே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “திறந்து பாத்தியா?” என்றாள்.

“இல்ல.”

“பொய் சொல்லாத. சாவியெல்லாம் உன்கிட்டதான?”

“அது உன்னோடதுடி.”



“லூசு. இப்ப நானே சொல்றேன், திற. அப்புறம் அழிச்சிடு.”

மார்ச் 13
பழைய வேலைகளுக்கு நடுவே ஒரு விண்ணப்பம். அவள் சேர்ந்த அதே அலுவலகத்துக்கு. என் பெயர், என் படிப்பு, நானே மறந்துபோன கல்லூரிப் பரிசுகூட. எல்லாம் நிரப்பி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாள். கடைசித் தேதி போன வருஷம் ஜூலை 9.

அந்த வாரம் டீ குடிக்கும்போதெல்லாம் “யோசிச்சியாடி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நச்சரிக்கிறாள் என்று நினைத்தேன்.

மாலையில் கோப்புறையை அழித்தேன். அதற்குமுன், அந்த ஒன்றை மட்டும் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன்.