எங்கள் வள்ளத்தில் வைத்த கை

நவம்பர் 18, திங்கள்

விட்டுவிட்டு மழை. சீருடையில் உப்புக்கறை, அம்மா தேய்த்தும் போகவில்லை.

குசினிக்குள் அடுப்படியில் இருந்து எழுதுகிறேன். டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு. "வெளியில ஒண்டும் கதைக்காதை, போனில ஒருத்தருக்கும் ஒண்டும் அனுப்பாதை" என்று அப்பா சொல்லியிருக்கிறார். கதைக்கவில்லை. அனுப்பவில்லை. எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

போன கிழமை கடற்றொழில் அலுவலர்கள் கரைக்கு வந்து, இங்கே வெடி போட்டு மீன் பிடிக்கிறார்களா என்று கேட்டார்கள். எல்லோரும் மணலைப் பார்த்தார்கள். அப்பா மட்டும் "ஓம், போடினம்" என்றார். யார் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் தேடிப் பார்த்துக் குணம் மாமாவின் தம்பியுடைய எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குணம் மாமாதான் எங்கள் கரைச் சங்கத்துத் தலைவர். நேற்றுக் கூட்டம் வைத்து எங்கள் வீட்டை விலக்கிவிட்டார்.

விலக்கு என்றால்:
எங்களோடு ஒருவரும் கதைக்கக்கூடாது.
கோயில் அன்னதானத்துக்கு எங்கள் அரிசி வேண்டாம்.
எங்கள் வள்ளத்தில் ஒருவரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் அந்த வீடும் விலக்கு.

கடைசிதான் உயிரை எடுக்கிறது. எங்கள் கரையில் ஒரு வள்ளம் வந்தால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. கிழிந்த வலை பொத்துகிறவர், தேத்தண்ணி குடிக்கிறவர், சீட்டுக் கடதாசி விளையாடுகிறவர் எல்லோரும் எழும்பிப் போய் ஒரு கை வைப்பார்கள். மேலே ஏற்றிவிட்டுத் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து விளையாடுவார்கள். சண்டைக்காரனின் வள்ளம் என்றாலும் அப்படித்தான். அதற்கு நன்றி சொல்லும் வழக்கம்கூட இல்லை.

இன்று காலை அப்பா தனியே வந்து சேர்ந்தார். கூட்டாளியும் வேலைக்கு வரவில்லை. கடதாசி விளையாடியவர்கள் அப்படியே இருந்தார்கள். ஒருவர் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அம்மா ஓடினார். நானும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அலை வந்த நேரம் தள்ளி, போன நேரம் பிடித்து... பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டது. உள்ளங்கை தோல் போய்விட்டது. பேனை பிடிக்க எரிகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

வெயிலும் மழையும். கணிதம் 61. இரசாயனம் இன்னும் தரவில்லை.

தர்ஷினி என் மேசையிலிருந்து எழும்பி முன்வரிசைக்குப் போய்விட்டாள். முதலாம் ஆண்டிலிருந்து பக்கத்தில் இருந்தவள். குணம் மாமாவின் மகள் என்றபடியால் போகத்தானே வேண்டும். (இனி த. என்று எழுதுகிறேன். யாராவது பார்த்தால் அவளுக்கும் கரைச்சல்.)

பின்னேரம் குழாயடியில் இரண்டு பேர், நான் நிற்பது தெரிந்தே:

"பொம்பிளையள் வள்ளத்தில கை வச்சவையாம்."

"கடல் சும்மா விடுமே? இனி மீன் பட்ட மாதிரித்தான்."

இது என்ன நியாயம்? ஆம்பிளைகள் கை வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் இவர்கள். பெண்கள் கை வைத்ததால் தீட்டு என்று சொல்வதும் இவர்கள். அப்படியென்றால் அப்பா வள்ளத்தைத் தலையிலா சுமந்து வருவது? வாய் வரைக்கும் வந்தது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பயம்.

இப்போது கூரையில் ஒரு கல் விழுந்தது. தேங்காய் இல்லை, கல்தான். அப்பா எழும்பவில்லை. ஆனால் அவர் தூங்கவில்லை.

நாளைக்கு வரலாற்றுப் பாடச் சுற்றுலா. கோட்டைக்கு.

நவம்பர் 20, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

கோட்டைக்குள் பழைய ஒல்லாந்தர் வீடு ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். தடித்த சுவர். உள்ளே போனதும் குளிர். வாசலில் மான்கள், ஒன்று எங்கள் வகுப்பு நிரோஜாவின் ரொட்டியைப் பறித்துவிட்டது. அதுதான் இன்றைக்குச் சிரித்த ஒரே சிரிப்பு.

முதலில் பீங்கான், நாணயம், நங்கூரம். பிறகு கடைசி அறை. தண்டனை அறை. சாட்டை, கால்விலங்கு, சூட்டுக்கோல். ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கன்னத்தில் சுடுவார்களாம். வழிகாட்டி அக்கா பாடமாக்கியதை ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு போனார். கன்னத்தில்! அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அங்கே எழுதியிருப்பது இரும்பின் நீளம் மட்டும்.

கப்பலில் தவறு செய்தவனைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குக் கீழால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இழுப்பார்களாம். "மூச்சு முட்டிச் செத்திருப்பான்" என்றான் ஒருவன். முட்டாள். கப்பலடியில் சிப்பி ஒட்டியிருக்கும். அப்பா வள்ளத்தைக் கவிழ்த்துச் சுரண்டும்போது விரல் பட்டாலே கிழிந்துவிடும். அது மூச்சுக் கதை இல்லை. அவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

பிறகு அக்கா சொன்னார்: சிலரைச் சந்தைத் தெருவில் தொழுமரத்தில் மாட்டி வைப்பார்கள். கால் இரண்டையும் துளைக்குள் விட்டு மேலே மரத்தைப் பூட்டுவது. அடி இல்லை, சூடு இல்லை. ஆனால் போகிற ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. கொடுத்தவனையும் பிடித்துப் பக்கத்தில் மாட்டுவார்கள்.

"இதெல்லாம் ஒரு தண்டனையே? சும்மா இருக்கிறதுதானே!" என்று பின்னால் சிரிப்பு.

ரீச்சரும் சிரித்தார். "அந்தக் காலத்துச் சனம் எவ்வளவு கொடூரம், பாருங்கோ பிள்ளையள். நாங்கள் இப்ப எவ்வளவு முன்னேறியிட்டம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. முன்னேறியிட்டமாம்! நான் நின்ற இடத்திலிருந்து யன்னலால் பார்த்தால் கடல். அந்தக் கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் கரை. நேற்று எங்கள் கூரையில் விழுந்த கல்லையும் கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கேட்காமல் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன்.

தொழுமரம் மட்டும் புதிதாகச் செய்தது. படம் எடுப்பதற்கு முற்றத்தில் வைத்திருக்கிறார்கள். த. போய் இருந்து காலை விட்டாள். வகுப்புப் பெட்டையள் மேல்மரத்தை இறக்கினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு தூக்கினால் வரவில்லை. மழைக்கு மரம் ஊறி இறுகிவிட்டது. முதலில் எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு த. அழத் தொடங்கினாள். ரீச்சர் "ஐயோ, ஆரையேன் கூப்பிடுங்கோ" என்று வெளியே ஓடினார். பெட்டையள் நடுவில் பிடித்து இழு இழு என்று இழுத்தார்கள். வள்ளம் தள்ளாதவர்கள். தூக்கினால் வராது, ஆட்ட வேண்டும்.

நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

த. நிமிராமலே, "வதனி, கையை எடு. அப்பா அறிஞ்சா..."

"விலக்கு வள்ளத்துக்குத்தான். மரத்துக்கு இல்லை."

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நிரோஜா. ஆட்டி ஆட்டி எடுத்தோம். த.வின் கணுக்காலில் சிவப்பாக இரண்டு வளையம். நன்றி சொல்லவில்லை. பேருந்தில் முன்னுக்குப் போய் இருந்துகொண்டாள்.

நவம்பர் 21, வியாழன்

இருட்டிக் கட்டியிருக்கிறது. கடலுக்குப் போக வேண்டாம் என்று வானொலியில் அறிவித்தல். நாளைக்குக் கடல் ஏறுமாம். மற்ற வள்ளங்களை எல்லாம் பின்னேரமே வீதிக்கு மேலே, பனையடிக்கு ஏற்றிவிட்டார்கள். எங்களுடையது மட்டும் கீழே. நாங்கள் மூன்று பேர் ஏற்றக்கூடிய இடம் அவ்வளவுதான். அதற்கு மேல் மேடு.

ரீச்சர் கட்டுரை கேட்டார்: "அக்காலத் தண்டனைகளும் இக்கால நாகரிகமும்." தலைப்பை மட்டும் எழுதிவிட்டு இருந்தேன். "என்ன பிள்ளை, கோட்டைக்கு வந்தனீர்தானே?" "ஓம் ரீச்சர்." "பிறகென்ன?" ஒன்றும் சொல்ல ஏலாது. ஒன்று தொடங்கினால் எல்லாம் வந்துவிடும்.

அம்மா: "நீங்கள் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் என்ன? வள்ளம் போனால் நாங்கள் என்னத்தைத் தின்னுறது?"

அப்பா: "என்ன பிழைக்கு எண்டு கேக்கிறது?"

அப்பா பக்கம்தான் நான். ஆனாலும் அவர் போய்க் கேட்டுவிட்டால் நல்லது என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பள்ளிக்கூடம் இல்லை. மின்சாரம் இல்லை. மெழுகுதிரி. எழுத்து விளங்காது. பரவாயில்லை.

பொழுதுபடும் நேரம் அலை எங்கள் வள்ளத்தின் பின்பக்கத்தைத் தூக்கியது. எஞ்சினைக் கழற்றி முதலே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். அப்பா முன்னால் கயிற்றை இழுக்க, அம்மாவும் நானும் பின்னால். கொஞ்சம் ஏறும். அடுத்த அலை அடிமணலை அரித்துக் கீழே கொண்டுபோகும். வாய்க்குள் எல்லாம் மணல். அம்மா முருகா முருகா என்று கத்திக்கொண்டே தள்ளினார்.

மேலே வீதியில் வரிசையாக நின்றார்கள். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, தலையில் உரப்பை போட்டுக்கொண்டு. கரையிலுள்ள எல்லா ஆம்பிளைகளும். பார்த்துக்கொண்டு! சந்தைத் தெரு.

அப்போது ஒரு குடை பறந்தது. த. வீட்டுச் சட்டையோடு ஓடி வந்து என் பக்கத்தில் வள்ளத்தில் கை வைத்தாள். "எடி, ஆட்டவோ, தள்ளவோ?"

"தள்ளடி!"

குணம் மாமா மேலேயிருந்து: "தர்ஷினி! விடு! வீட்டை வா!"

"வரமாட்டன் அப்பா. நான் கை வச்சிட்டன். இனி எங்கட வீடும் விலக்குத்தானே. நீங்கள் போட்ட சட்டம்."

அவர் இறங்கி வந்தார். வந்து அவளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய அலை வந்தது. அவருக்குக் கால் வழுக்கிவிட்டது. விழாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்தார். எங்கள் வள்ளத்தை.

மேலேயிருந்து ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை: "தலைவரே கை வச்சிட்டார்! என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோடா!"

அவ்வளவுதான். திபுதிபு என்று இறங்கினார்கள். இரு பக்கமும் கை. அந்தத் திரும்பி உட்கார்ந்த மனிதரின் கையும். ஒரு சத்தம் போட்டார்கள், வள்ளம் மேட்டில் ஏறிப் பனையடியில் நின்றது. குணம் மாமா நடுவில் நின்று, "நான் பிள்ளையை இழுக்கத்தான் பிடிச்சனான், கேட்டியளோ, பிள்ளையை இழுக்கத்தான்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா மணலில் இருந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவு பேருக்கும் கை வைக்க விருப்பம் இருந்திருக்கிறது. யாராவது ஒருவர் முதலில் வைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்த ஒருவர் ஒரு பெட்டை. வள்ளத்தில் கை வைக்கக்கூடாத பெட்டை.

நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. நல்லது.

நவம்பர் 24, ஞாயிறு

வெயில். கடல் இறங்கிவிட்டது. உடுப்பெல்லாம் வேலியில்.

நேற்றுக் கூட்டம் என்றார்கள், நடக்கவில்லை. குழாயடியில்: "கை வச்ச வீடெல்லாம் விலக்கெண்டால் கூட்டத்துக்கு ஆர் வாறது? கோயில் ஐயரோ?" சிரிப்பு. என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "என்ன வதனி, அம்மா சுகமோ?" என்றாள். ஒன்றுமே நடக்காத மாதிரி! குடத்தை வைத்துவிட்டு முறைத்தேன்.

த. கணுக்காலைக் காட்டினாள். வளையம் மஞ்சளாகிவிட்டது. வீட்டில் அடி விழுந்ததா என்று கேட்டேன். "அப்பா என்னோட கதைக்கிறேல்லை. அதுதான்" என்றாள். நாளைக்கு என் மேசைக்கு வருவாளாம்.

மத்தியானம் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தோம். வெளிக்கடல் பக்கமிருந்து "டும்" என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வெடிதான். எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் மணலைப் பார்த்தார்கள்.

அப்பா கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பயம் போகவில்லை, கொஞ்சமும் போகவில்லை. ஆனால் அலுவலர்கள் திரும்பி வந்து கேட்டால் அப்பா ஓம் என்றுதான் சொல்வார்.

என்னைக் கேட்டால் நானும்.