தூளிக்கும் முறை வைத்த மதினிக்கு

என் ஆசை மதினிக்கு,

நீங்கள் கண்ணை மூடிவிட்டுப் போன வீட்டில் இப்போது இரண்டு தூளி ஆடுகிறது. உங்கள் மகன் செல்வத்துக்கு இரட்டைப் பிள்ளைகள், ஒன்று ஆண், ஒன்று பெண். பெண்பிள்ளை உங்கள் மூக்கோடு பிறந்திருக்கிறாள், பாவம். இதற்கே என்னோடு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பீர்கள்.

இன்னொரு சேதியும் உண்டு. நீங்கள் வெறுத்த அந்தப் பேச்சு நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மருமகள் ரேவதிக்கு ஆபரேஷன் பிரசவம், குனிய முடியவில்லை. "பிள்ளை தூக்க ஒரு சின்னப் பொண்ணு வச்சுக்கிருவோம் அத்தை" என்றான் செல்வம். எனக்குத் தெரியாமல் கம்பம் டவுனில் ஒரு புரோக்கரிடம் சொல்லியும்விட்டான்.

எனக்குப் போடி ஊரில் நடந்த காதுகுத்து நினைவுக்கு வந்தது. சொந்தக்காரர் வீட்டில் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு சிறுமி நின்றாளே? ஊர் எது என்று கேட்டீர்கள், அவளுக்கு நம் பேச்சு புரியவில்லை. "எங்க பிள்ளை மாதிரிதான் வச்சிருக்கோம்" என்றார் வீட்டுக்கார அம்மா. "உங்க பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கு, இது ஏன் போகலை?" என்று பந்தியிலேயே கேட்டீர்கள். நீங்கள் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டு, அதிகாரிகள் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். அந்த உறவும் அன்றோடு அறுந்தது. தாயிடம் போய்ச் சேர்ந்தாளா? கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னீர்கள்: "பிள்ளைகளைக் கொண்டாரவனை மட்டும் வஞ்சு என்ன செய்ய? நம்ம கேக்கப்போயித்தானே அவன் கொண்டாரான்."

அதன்பின் நம் காமயகவுண்டன்பட்டியில் எங்கே வளைகாப்பு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பீர்கள். "பிள்ளை தூக்க என்ன ஏற்பாடு?" என்பதுதான் வாழ்த்தே. வயலுக்குத் தண்ணி முறை வைப்பதுபோலத் தூளிக்கும் முறை வைத்தீர்கள். காலையில் ஒரு வீட்டார், மத்தியானம் ஒரு வீட்டார். அண்ணன் முணுமுணுத்தால், "தண்ணி முறைன்னா மம்பட்டியைத் தூக்கிட்டு ஓடுறீக, பிள்ளை முறைன்னா கால் வலிக்குதாக்கும்?" என்பீர்கள்.

இதையெல்லாம் செல்வத்திடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரோக்கர் வந்துவிட்டார். போனில் ஒரு படம் காட்டினார். இரட்டைச் சடை, சிரிக்காத முகம்.

"சரின்னு சொல்லுங்க, வியாழக்கிழமை ரயில் ஏத்திவிட்ருவாக."

"நாங்க வேணாம்னா?" என்றேன்.

"கேக்க ஆளில்லாம எதுக்கும்மா ஏத்துறாக?"

செல்வம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தூளியில் உங்கள் மூக்குக்காரி அழ ஆரம்பித்தாள். எழுந்துபோய் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"வேணாம்ணே. நாங்களே பாத்துக்கிருவோம். இனிமே இங்கன யாருக்காகவும் வராதீக."

எனக்கு அழுகையே வந்துவிட்டது, மதினி. சந்தோஷம்தான். ஆனாலும் புரோக்கர் தெருமுனை தாண்டுவதற்குள் நானும் அதே 1098-க்குப் போன் போட்டுவிட்டேன். அதிகாரிகள் அவரைப் பிடித்து விசாரிக்கிறார்கள்.

இப்போது நம் வீட்டிலும் முறை ஓடுகிறது. மத்தியானம் அண்ணன் பொறுப்பு. பேத்தியைத் தூங்கவைக்கிறேன் என்று நெஞ்சில் போட்டுக்கொண்டு அவர்தான் முதலில் தூங்குகிறார். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத செல்வம் பீத்துணி அலசுகிறான். ரேவதி கட்டிலில் படுத்தபடி சிரிக்கிறாள்.

நேற்று எதிர்வீட்டில் வளைகாப்பு. உங்கள் கேள்வியைக் கேட்கலாம் என்று போனேன். நான் வாயைத் திறக்குமுன்பே அந்த மாமியார், "முறை போட்டாச்சு ஆத்தா. காலையில நீங்க, மத்தியானம் உங்க அண்ணன்!" என்றார்.

படத்தில் இருந்த பிள்ளை எங்கே இருக்கிறாளோ? வியாழக்கிழமை ரயிலில் அவள் நமக்காக ஏறவில்லை. அதுமட்டும் எனக்குத் தெரியும். இனி இந்த ஊரில் எந்தத் தூளி கட்டினாலும் முதல் முறை என்னுடையது. பிள்ளை தூக்க யாரும் அவளைக் கேட்க விடமாட்டேன், மதினி.

உங்கள் மூக்கை இப்போது மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும்
நாத்தனார் ராசாத்தி