பிசிறு முடியோடு அம்மா

அருள்புரம்,
வெள்ளிக்கிழமை

அன்புத் தங்கை தரணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே ஹாஸ்டலில் காலைச் சாப்பாட்டை விடாமல் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் இன்னும் சுகமாக இருப்போம். அம்மா இருந்தால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியிருப்பேன், இப்போது சொல்கிறவளும் எழுதுகிறவளும் நானே. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அம்மாவின் முதல் வருஷத் திதிக்குச் சுவரில் மாட்ட ராக்கம்மாள் அத்தை ஸ்டுடியோவில் ஒரு படம் செய்து வாங்கி வந்தாள். ஆதார் அட்டையில் இருந்த முகத்தை எடுத்து யாரோ ஒருத்தியின் பட்டுச்சேலை உடம்பில் ஒட்டி, தலைக்குத் தார் பூசியதுபோல் கறுப்படித்திருந்தார்கள். கழுத்தில் அம்மா போட்டே அறியாத காசுமாலை. இது அம்மா இல்லை என்று வாய் திறந்து சொன்னேன், நம்பு. நான் பென்சிலில் வரைகிறேன், அதைத்தான் மாட்ட வேண்டும் என்றும் சொன்னேன். ஒன்பதாவதோடு நின்றவள் வரைந்து கிழிப்பாளாக்கும் என்று அத்தை சிரித்தாள்.

கண், மூக்கு எல்லாம் வந்துவிட்டது, முடிதான் வரவில்லை. கூரான பென்சிலை அழுத்தி ஒவ்வொரு முடியாக, எல்லாம் ஒரே தடிமனில் வரிசையாகப் போட்டேன். பனியன் கம்பெனிக்கு எடுத்துப் போனபோது பக்கத்து டேபிள் ஜெயபாரதி அக்கா பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, உங்கம்மா தலையில பனியனக் கவுத்து வெச்சிருக்குதா?" என்றார். அழுகை வந்தது. பிறகுதான் புரிந்தது. நாள் முழுக்க பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டுகிறவள் நான், ஒன்று தப்பினாலும் பீஸ் திரும்பி வரும். அந்தக் கை முடியிலும் ஒரு பிசிறை விட்டுவைக்கவில்லை. மறுபடி வரைந்தேன். முதலில் முடியை மறந்து, எங்கே நிழல் எங்கே வெளிச்சம் என்று மட்டும் லேசாகத் தேய்த்துக்கொண்டேன். அதன்மேல் முடி படிந்து போகும் திசையிலேயே கோடு இழுத்து, முடிகிற இடத்தில் கையைத் தூக்கினேன், நுனி தானாக மெலிந்தது. வகிட்டிலும் காதுக்கு மேலும் நாலைந்து முடியை அடங்காமல் பறக்கவிட்டேன். அம்மா வந்துவிட்டாள்.

அத்தை பார்த்ததும், "ஏட்டி, அவ என்ன பைத்தியக்காரியா, பரட்டையா விட்டிருக்க? அதை அழி" என்றாள். மாட்டேன் என்றேன். "பெரியவ சொல்லுதேன்லா" என்றாள். அப்போதும் மாட்டேன் என்றேன். அப்பா படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "வலது நெத்தியோரம் நரைச்சிருக்குமே, அதை ஏன் விட்டுட்ட?" என்றார். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் ரப்பரைப் பிளேடால் கூராகச் சீவி, கறுப்புக்குள் மூன்று வெள்ளை இழை இழுத்தேன். அப்பா ஆணி தேடப் போனார்.

ஸ்டுடியோ படத்தை அத்தை தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டாள். உனக்குப் போன் போட்டு, அக்காவுக்குப் புத்தி சொல் என்பாள், சொல்லாதே. நன்றாகப் படித்து நர்ஸாகி நீடூழி வாழ வேண்டும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. லீவுக்கு வரும்போது படத்தில் என்ன குறை கண்டாலும் சொல், திருத்துகிறேன். அந்தப் பறக்கும் முடியை மட்டும் யார் சொன்னாலும் தொடமாட்டேன், நீ சொன்னாலும்.

இப்படிக்கு,
உன் மூத்தவள்
சித்ராதேவி