பதினோரு வீடும் ஓர் ஓட்டைவாயும்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று பதினோரு வீடு. சிக்கன் நூடுல்ஸ், பீன்ஸ், காரட் துருவிப் போட்ட ஆரஞ்சு ஜெல்லி. ஜெல்லி மார்சியா ட்ரெக்ஸ்லரின் கைவண்ணம். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவள் தலைவியானதிலிருந்து அவள் செய்கிற எதுவுமே நிலையாக நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்குச் செவ்வாய்தோறும் மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டுவது நான். ஏப்ரலிலிருந்து பக்கத்து இருக்கையில் க்ளென்னா ஷூப். 'ஒரு வண்டிக்கு இரண்டு பேர்' என்று மார்சியா ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். பனிக்கட்டியில் வண்டி சறுக்கினால் துணை வேண்டுமாம். ஏப்ரலில் ஏது பனிக்கட்டி? கேட்டுப் பார்த்தேன். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை தூக்கினார்கள், இந்த ஓட்டைவாயை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஈஸ்டர் காலை விருந்தில் மார்சியாவின் மடியில் நான் காப்பியைக் கொட்டியதற்குப் பழிவாங்கல் என்று நினைக்கிறேன். கை தவறித்தான் கொட்டியது. ஆனால் அப்படியொன்றும் வருத்தப்படவில்லை.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன், இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள். போன மாதம் கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் நடுவில் கறை விழுந்திருக்கிறதாம். ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேராகப் பார்ப்பதுதான் மசமசவென்று இருக்கிறது. "இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது மேடம்" என்றான். மீசை முளைக்காத டாக்டர்.

என் புருஷன் ராய் செத்து ஆறு வருடம். வாரத்தில் ஏழு நாள் என்று பேர்தான், எனக்கு இருப்பது செவ்வாய் ஒன்று. வண்டி போனால் அதுவும் போகும். பாதை எனக்கு மனப்பாடம், கண் எதற்கு? ஒருத்தியிடமும் மூச்சு விடப்போவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மார்சியாவுக்குப் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. நவம்பரில் ஸ்தோத்திரக் காணிக்கை ஞாயிறன்று ஆளுக்கொரு சீட்டு எழுத வேண்டுமாம். நம்முள் யாருக்கு நன்றி, எதற்காக என்று. அதை அவள் சபைக்கு முன் நின்று படிப்பாளாம்.

"மனசுல இருக்கிறத மனசு விட்டுச் சொல்லணும், இல்லையா?" என்றாள்.

மனசில் இருப்பதை நான் சொன்னால் பாதிப் பேர் வேறு சபைக்குப் போய்விடுவார்கள். என் சீட்டை மடித்து, தள்ளாடுகிற சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை. மார்சியாவின் யோசனையால் விளைந்த முதல் நன்மை இதுதான்.

செப்டம்பர் 23, செவ்வாய்

க்ளென்னாவின் வாய்க்குப் பூட்டு கிடையாது. வண்டி கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை லொடலொட.

"அதோ பாரு, சிவப்பு விளக்கு விழுந்திருச்சு! என்னா சிவப்புடி! ... ஐயோ, முன்னாடி பால் லாரி, அப்பிடியே நின்னுட்டான்! ... எல்டா, அந்த நாயப் பாரேன், ரோட்டுல இறங்குது, அதுவும் அதோட வாலும்!"

இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு வேடிக்கை காட்டுவதுபோல.

"உன் புருஷனுக்குக் காது கேக்காமப் போனது ஆண்டவன் குடுத்த வரம்டி" என்றேன்.

அதற்கும் சிரிக்கிறாள். சொரணை கெட்டவள்.

பாத்திர மூடிகளில் பெயர் எழுதி ஒட்டுவதும் அவள் வேலைதான். முன்பெல்லாம் சின்னதாக, லட்சணமாக எழுதுவோம். இவள் தடித்த கறுப்புப் பேனாவை வைத்துக்கொண்டு, சுவர் விளம்பரம் மாதிரி மூடி முழுக்க எழுதுகிறாள். கேட்டால், "எனக்கு எழுத்து அப்பிடித்தான் வருது."

அக்டோபர் 7, செவ்வாய்

மின்கம்பங்கள் எல்லாம் என் கண்ணுக்கு இடுப்பு ஒடிந்து நிற்கின்றன. மார்சியாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. இதில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஓரின் ப்யூ வீட்டில் இன்று கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது. நாற்பது வருடம் சுரங்கத்தில் கிடந்த மனிதர், இப்போது மூக்கில் குழாயும் பக்கத்தில் சிலிண்டருமாகச் சமையலறைக் கட்டிலோடு கிடக்கிறார். முன்வாசலில் மணி அடித்துப் பிரயோசனம் இல்லை, அவ்வளவு தூரம் அவரால் நடக்க முடியாது. பின்கதவை மூன்று தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய், கைக்கெட்டும் நாற்காலியில் தட்டை வைக்க வேண்டும். பதினோரு வீட்டுக்கும் இப்படிப் பதினோரு சட்டம் இருக்கிறது, எல்லாம் என் தலைக்குள்.

"உங்க வண்டிச் சத்தம் கேட்டாத்தான் எனக்குச் செவ்வாக்கிழமை, எல்டாம்மா" என்றார்.

"நூடுல்ஸ் ஆறுது, பேசாமச் சாப்பிடுங்க" என்றேன்.

க்ளென்னாவை எந்த வீட்டுக்குள்ளும் நான் விடுவதில்லை, வண்டியிலேயே இருப்பாள். திரும்பி வந்து இதைச் சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் குழாயைத் திறந்துவிட வேண்டியது.

அக்டோபர் 21, செவ்வாய்

க்ளென்னாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பாடா என்று நினைத்தேன். விடுவாளா? காக்கை கரைகிற குரலில், "சிவப்பு... எல்டா, சிவப்பு..." என்று கரைந்துகொண்டே வந்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

எழுத வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

தபால் நிலையத் திருப்பம். க்ளென்னாவின் மடியில் குழம்பு சிந்திவிட்டது, குனிந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் பேச்சில்லை. அடடா, என்ன நிம்மதி என்று நான் நினைத்தேன், ஆண்டவரே, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"எல்டா! நில்லு! நில்லுடீ!"

மிதித்தேன். பாத்திரங்களெல்லாம் முன்னால் வந்து விழுந்தன. கண்ணாடிக்கு முன்னால் எனக்கு வெறும் சாம்பல்தான் தெரிந்தது. தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தேன். பெர்னிஸ் கில். எங்கள் சங்கத்து பெர்னிஸ், எண்பத்தாறு வயது, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறாள். வண்டிக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண்.

பெர்னிஸ் என்ன செய்தாள் தெரியுமா? கையை ஆட்டினாள். அவளுக்கு வழிவிடத்தான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ் எல்டா! ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார்!" என்று கத்திவிட்டு, தத்தித் தத்திப் போய்விட்டாள்.

க்ளென்னா எட்டிச் சாவியைத் திருப்பி எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அக்டோபர் 29, புதன்

நேற்று மிச்சத்தை எழுதவில்லை.

அங்கேயே, ஓரமாக நிறுத்திய வண்டிக்குள், க்ளென்னா அழுதாள்.

"எங்களுக்கு ஈஸ்டர்லயே தெரியும்டி. கப்பு ஒரு பக்கம் இருக்கு, நீ மார்சியா மடியில ஊத்துற. ஊத்திட்டு கப்ப எடுத்து நீட்டுற. உன்கிட்ட யாரு சொல்றது? அதான் வண்டிக்கு ரெண்டு பேருன்னு தீர்மானம் போட்டோம். நான் பேசிக்கிட்டே வந்தாப் போதும், சமாளிச்சிரலாம்னு நெனச்சேன்."

ஏழு மாசம்! சிவப்பு விளக்கு, பால் லாரி, நாய். மூடியில் யானை எழுத்து. அத்தனையும் எனக்காக. எல்லாருக்கும் தெரியும், சங்கத்தில் பன்னிரண்டு பேருக்கும் தெரியும், ஒருத்திக்கு வாய் இருந்ததா? முகத்துக்கு நேரே 'உனக்குக் கண் தெரியலடி'ன்னு சொல்ல ஒரு நாதி இல்ல! மரியாதைக் குறைவாப் போயிருமாம். தீர்மானம் போடுவாளுங்களாம், கை தூக்குவாளுங்களாம். இவளுங்க மரியாதை நேத்து பெர்னிஸக் கொன்னிருக்கும்.

அப்படியே கத்தினேன். க்ளென்னா மூக்கைச் சிந்திவிட்டு ஒன்று கேட்டாள்.

"ஆமா, எங்களுக்கு வாய் இல்ல. உனக்குத் தெரியும்ல எல்டா? நீ ஏன் சொல்லல?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். சோற்றைப் போட்டு மூட உதவியவர்கள் அவர்கள். அவர்களைத் திட்டுவதுதான் சுலபமாக இருக்கிறது. இன்று முழுக்கத் திட்டினேன். தீரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பத்தரை மணிக்குக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கழற்றினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

என் வீட்டு மணி அடித்தது. வாசலில் மார்சியாவின் வாசனைத் தைலம், கையில் பாத்திரம்.

"உன் பேரயும் லிஸ்ட்ல சேத்துட்டோம், எல்டா. பன்னெண்டாவது வீடு!" பரிசு கொடுக்கிற குரலில்.

மூடியில் யானை எழுத்தில் எல்டா மெக்ரேடி. நன்றாகத் தெரிந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கதவைச் சாத்தினேன். கோபத்தில் சாப்பிடக்கூடாது என்று இருந்தேன், மூன்று மணிக்குப் பசித்துவிட்டது. உப்பு போதவில்லை. ஜெல்லியும் வைத்திருந்தாள்.

நவம்பர் 12, புதன்

ஓரின் ப்யூ போன் செய்தார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"எல்டாம்மா, நேத்து முன்வாசல்ல மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள போயிட்டாங்க. தட்ட வாசப்படியில வச்சிட்டுப் போயிருக்காங்க போல, நாய் தின்னுருச்சு."

நேற்று அவர் தின்றது பிஸ்கட். நான் மார்சியாவின் நூடுல்ஸில் உப்பில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

க்ளென்னாவைக் கூப்பிட்டுப் பதினைந்து நாளாகப் பேசாத பேச்சைப் பேசினேன். அதாவது திட்டினேன். பின்கதவு, மூன்று தட்டு, நாற்காலி. பிறகு மற்ற பத்து வீட்டையும் ஒப்பித்தேன். "மெதுவாச் சொல்லுடி, எழுதிக்கிறேன்" என்றாள். இத்தனையும் இவர்களிடம் பத்தொன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இல்லாமலும் நடந்துவிடுமே என்றுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

க்ளென்னா நடுவழியில் இருந்து நான்கு முறை போன் செய்தாள். எழுதிய காகிதத்தின்மேல் குழம்பு கொட்டிவிட்டதாம்.

நவம்பர் 23, ஞாயிறு

ஸ்தோத்திரக் காணிக்கை ஞாயிறு. பிரம்புக்கூடை, பூசணிக்காய், சோளக்கதிர், நடுவில் மார்சியா. ஒவ்வொரு சீட்டாக எடுத்துத் தேன் வழியப் படித்தாள். திரை தைத்தவளுக்கு நன்றி, கேக் செய்தவளுக்கு நன்றி. கொட்டாவியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"அடுத்தது நம்ம பெர்னிஸ் எழுதினது. 'எல்டா மெக்ரேடிக்கு நன்றி. தபால் நிலையம் பக்கத்தில் நான் ரோட்டைக் கடக்கும்போது வண்டியை நிறுத்திக் காத்திருந்தாள். இந்தக் காலத்தில் யார் நிறுத்துகிறார்கள்?'"

சபை முழுக்க 'அச்சோ' என்று உருகியது. யாரோ கை தட்டினார்கள். பக்கத்தில் க்ளென்னா என் கையைப் பிடித்து அழுத்தினாள். உட்கார், பேசாமல் இரு என்று அர்த்தம். எங்களுக்கு அதுதானே தெரியும்.

எழுந்துவிட்டேன்.

"நான் நிறுத்தல" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியாது. பெர்னிஸ் அங்க நின்னதே எனக்குத் தெரியாது. க்ளென்னா கத்தினா, நின்னேன். கத்தலேன்னா பெர்னிஸ் இன்னைக்கு இங்க இல்ல. டாக்டர் ஆகஸ்ட்லயே ஓட்டாதேன்னு சொன்னாரு. தெரிஞ்சேதான் ஓட்டினேன்."

மார்சியா, "நாம இப்ப... பாட்டுப் புத்தகத்துல..." என்று தொடங்கினாள். விட்டால் நான் சொன்னதைப் பாட்டுப் பாடியே புதைத்திருப்பாள்.

பெர்னிஸின் நடைவண்டி கிறீச்சிட்டது.

"இரு மார்சியா. என் சீட்டுல பேர மாத்து. க்ளென்னான்னு போட்டுத் திரும்பப் படி."

மார்சியா திரும்பப் படித்தாள். இந்த முறை யாரும் உருகவில்லை. பெர்னிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. வெட்கத்தில் காது கொதித்தது. காப்பி நேரத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. முதல் முறையாக அவர்கள் செய்தது சரி என்று தோன்றியது. கோட்டை மாட்டிக்கொண்டபோதுதான் பின்னால் க்ளென்னாவின் குரல்.

"செவ்வாக்கிழமை பத்தரைக்கு வரேன். கோட்டு போட்டுத் தயாரா இரு. பக்கத்து சீட்டு."

நவம்பர் 25, செவ்வாய்

க்ளென்னா அவள் பேனாவை எனக்குக் கொடுத்திருக்கிறாள். நாற்றம் தாங்கவில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் பிடிக்கிறது, ஆனால் எழுதியதை நானே படிக்க முடிகிறது. மேசைக்கால் மறுபடி ஆடுகிறது, அடியில் இருந்த நன்றிச் சீட்டை எடுத்துவிட்டேன். இதே பேனாவால் இரண்டே சொல் எழுதி, நாளைக்கு அவளிடம் கொடுக்க வேண்டும். கொடுப்பேனா தெரியவில்லை.

இவள் வண்டி ஓட்டுகிற லட்சணம்! நத்தை முந்திக்கொண்டு போகும். மடியில் சூடான பாத்திரத்தோடு நான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அவள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓட்டும்போது பேச வராதாம்!

அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. "இங்க ஒரு பள்ளம் இருக்கு, இடது பக்கம் ஒதுங்கு" என்றேன். "அடுத்த வீட்டுல நாய் கடிக்கும், பிஸ்கட் போடணும். ஓரின் வீட்டுக்குப் பின்னாடிப் பாதை, பாலம் தாண்டினதும் திரும்பு. இந்த முனையிலதான் ராய் ஒருதரம் வாத்துக் கூட்டத்த இடிக்கப் பாத்தான், அது ஒரு கதைடி, கேளு..."

ஓரின் வீட்டுப் பின்கதவில் மூன்று தட்டு. "வண்டிச் சத்தம் வேற மாதிரி இருந்துச்சே!" என்றார். "ஓட்டுறவ வேற" என்றேன்.

திரும்பும் வழியில் ஏழாவது கதையோ எட்டாவது கதையோ, நான் சொல்லிக்கொண்டிருந்தபோது க்ளென்னா சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினாள்.

"எல்டா, உன் கால்ல விழறேன், கொஞ்ச நேரம் வாய மூடேன். நான் ரோட்டப் பாக்கணும்."