போனில் தோற்ற ஆட்டம்

ஞாயிறு, இரவு.

படுத்தால் தூக்கம் வரவில்லை. அருவருப்பாக இருக்கிறது.

மதியம் மனைவியின் தம்பி குமார் ரெம்பாவ் டவுனிலிருந்து எங்கள் பாமாயில் எஸ்டேட்டுக்கு வந்திருந்தான். டிவிக்குப் பக்கத்தில் இருந்த என் கேம் கன்சோலைப் பார்த்து, "இன்னும் இந்தப் பெட்டியா மச்சான்? இப்ப எல்லாம் போன்லயே வந்துருச்சு லா," என்றான். ஒரு பந்து ஆட்டத்தைத் திறந்து நீட்டினான்.

பதினைந்து வருடமாகச் செம்பனைக் குலை வெட்டும் கை. கட்டைவிரல் முழுக்கக் காய்ப்பு. கன்ட்ரோலர் என்றால் பொத்தான் அழுந்துவது விரலுக்கே தெரியும். போன் கண்ணாடியோ என் விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தும் ஆட்டக்காரன் அசையவில்லை. நாலு கோல் வாங்கினேன்.

குமார் போனை வாங்கி டிஷ்யூவால் இரண்டு தடவை துடைத்தான்.

"கை ரொம்ப முரடு மச்சான், ஸ்கிரீன் கீறிரும்," என்று சிரித்தான்.

நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் துடைத்ததைவிட அதுதான் குமட்டுகிறது.

மனைவி சிரிக்கவில்லை. அவன் போனதும் டிவியைப் போட்டு, கன்ட்ரோலரை என் மடியில் வைத்து, "வாங்க, நம்ம ஆடலாம்," என்றாள்.

தலைவலி என்று பொய் சொன்னேன்.