சம்பந்தியம்மா கலந்த சிவப்பு

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன் சம்பந்தியம்மா. உங்கள் மகளும் என் மகனும் பெற்ற மூன்று பேரும் நன்றாக இருக்கிறார்கள். பெரியவன் கார்த்தி முதலிபாளையம் பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகிவிட்டான். தனி அறை, கதவில் பெயர். கடைக்குட்டி கவின் பன்னிரண்டாவதில் கணக்குக்கு நூற்றுக்கு நூறு. நடுவில் இருப்பவள், நம் நிவேதா, போன மாதம் கோயம்புத்தூரில் பொம்மைப்படைப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். கோப்பையைக் கொண்டுவந்து முருகன் படத்துக்குக் கீழே வைத்தாள். பிறகு உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

இன்று காலை மாடியிலிருந்து அந்த வாசம் இறங்கி வந்தது. பொம்மைகளுக்கு முதல் பூச்சு அடிக்கிற ஸ்பிரே வாசம். அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வாசத்துக்குப் பின்னாலேயே உங்கள் குரலும் வரும். "ஏனுங்க சம்பந்தி, காத்தாட உக்காந்து அடிக்கச் சொல்லுங்க புள்ளைய."

அந்த ஆட்டத்தை முதலில் பார்த்தபோது நாம் இருவருமே சிரித்தோம். விரல் உயரப் பொம்மை வீரர்கள். மேசைமேல் அவர்களை அணி அணியாக நிறுத்தி, தையற்கார டேப்பால் தூரம் அளந்து, பகடை உருட்டிப் போர் செய்ய வேண்டும். "மெர்ச்சண்டைசர் வேலைக்குப் போற பொண்ணு, சொப்பு வெச்சு வெளையாடறா பாருங்க" என்றேன். "சொப்பு இல்லீங்க, சண்டை. அப்பாயி உங்க ஊட்டு ரத்தம், வராம இருக்குமா?" என்றீர்கள். அப்படிச் சொன்ன நீங்கள்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீரபாண்டியிலிருந்து பஸ் ஏறி மங்கலம் வந்து, பேத்திக்கு எதிர்ப்படையாக உட்கார்ந்து ஆடினீர்கள். விதிப்புத்தகம் இங்கிலீஷில், ஐந்தாவதோடு நின்ற நான் பகடை பொறுக்கிக் கொடுத்தேன்.

நாம் சேர்ந்து போன அந்த வருடத்துப் போட்டிகள் கோயம்புத்தூரில் தொடங்கி பெங்களூரில் முடிவதாக இருந்தன. எல்லா ஊரிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி, கடைசியில் யார் முதல் என்று சொல்வார்கள். பெயிண்டுக்கும் மதிப்பெண் உண்டு. அவள் படைக்குச் சிவப்பு மேலங்கி. பாதிப் படைக்கு அடித்ததும் கலந்து வைத்திருந்த சிவப்பு தீர்ந்துபோனது. "நான் கலக்கித் தர்றேன் கண்ணு" என்று நீங்கள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டீர்கள்.

யார் மறுப்பார்கள்? சாயப்பட்டறைச் செக்கிங்கில் ஆயுசு முழுவதும் நிறத்துக்கு நிறம் ஷேடு பிரித்த கண். கல்யாணப் புடவையைக்கூட உங்களிடம் காட்டிவிட்டுத்தான் நம் வீட்டில் எடுப்போம். கலந்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, "ஒரே லாட்டு, ஒரே தொட்டிச் சாயமாட்டம்" என்றீர்கள். நிவேதாவுக்கு மட்டும் லேசாக ஒரு சந்தேகம். "ரூம் லைட்டு அப்படிக் காட்டுது போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லைட்டுக்கு லைட்டு ஷேடு மாறும் என்பது நம் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும் அல்லவா?

கோயம்புத்தூர் மண்டபத்தில் நிவேதா படையை விரித்ததும் குனிந்து பார்த்தேன். பாதிப் பேர் சிவப்பு. பாதிப் பேர் காய்ந்த ரத்தம். எதிரே ஆட வந்த பையன், "ரெண்டு படையா, அக்கா?" என்றான். நீங்கள் முந்திக்கொண்டு, "மண்டபத்து லைட்டு சரியில்லீங்க தம்பி" என்றீர்கள். நான் ஒன்றை எடுத்து ஜன்னல் வெயிலில் பிடித்தேன். பழுப்பேதான்.

"இது பழுப்புங்க சம்பந்தி."

"உங்க கண்ணாடிய மாத்துங்க மொதல்ல."

"அப்ப என் கண்ணாடிய நீங்க போட்டுப் பாருங்க."

வாங்கிப் போட்டுப் பார்த்தீர்கள். "ஒரே லாட்டுதானுங்க" என்றீர்கள். ஆனால் உங்கள் விரல் அந்தப் பொம்மையின் மேலங்கியைத் தடவிக்கொண்டே இருந்தது. துணியாக இருந்தால் விரல் சொல்லியிருக்கும். அது பிளாஸ்டிக்.

வீட்டில் எல்லாரும் கலக்கிய அறையின் லைட்டைத்தான் குறை சொன்னோம். துணியோடு வாழ்கிறவர்கள் வேறு எதைச் சொல்வோம்? உங்கள் கண்ணைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டில் பயிற்சி ஆட்டம். மேசையின் இடது ஓரத்தில் நிவேதா குதிரைப்படையை நிறுத்தியிருந்தாள். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது பாய்ந்து வந்து உங்கள் ஆட்களை முடித்ததும் திகைத்துப் போனீர்கள்.

"எப்பக் கண்ணு இத வெச்சே?"

"மொதல்லயிருந்து அங்கதான நிக்குது அம்மாயி."

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று காபி ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்றினீர்கள். போகும்போது கதவு நிலையில் இடது தோள் இடித்தது. கதவைத் திட்டிவிட்டுப் போனீர்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஞாயிறு வந்தாலே பயம். பஸ் நிறுத்தத்துக்கே வந்து நிற்பேன். "வழி தெரியாத புள்ளையா நானு?" என்று கடிந்துகொள்வீர்கள். உங்கள் மகள் பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நிவேதா அப்போது புள்ளிகளில் முதலாவதாக இருந்தாள். "பெங்களூரு முடியட்டும். ஸ்கேன் மெஷினு எங்கயும் ஓடிப்போகாது" என்று நீங்கள் அதைத் தள்ளிவிட்டீர்கள். யார் சொல்லியும் கேட்கவில்லை.

பெங்களூரில் கடைசிச் சுற்று. நிவேதா ஜெயித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போன நீங்கள் திரும்பி வந்து, எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, "நிவேதா, எங்க கண்ணு இருக்கே?" என்று கேட்டீர்கள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், உங்கள் இடது பக்கத்தில் அவள் நின்றாள். "இங்கதான் அம்மாயி." நீங்கள் வலது பக்கம் திரும்பித் தேடினீர்கள்.

அவள் கையில் பகடை இருந்தது. அதை மேசையில் வைத்தாள். எதிராளிக்குக் கை கொடுத்து, ஆட்டத்தை விட்டுவிட்டதாகச் சொன்னாள். முதலிடம் அதோடு போயிற்று.

காரில் வழி முழுவதும் நீங்கள் திட்டினீர்கள். "ஜெயிக்கற ஆட்டத்த எவளாச்சும் விடுவாளா?" அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பக்கம் நிக்கறது உங்களுக்குத் தெரியல அம்மாயி. எனக்குத் தெரியுது."

ஊர் வந்ததும் ஸ்கேன் எடுத்தோம். தலைக்குள் கட்டி. கண் நரம்பை அழுத்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அப்படி அழுத்தினால் கண்ணுக்குச் சிவப்பு நிறம்தான் முதலில் போகுமாம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இரண்டு பொம்மைகளைக் கொண்டுவரச் சொன்னீர்கள். ஒரு கைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தீர்கள்.

"நெசத்தச் சொல்லுங்க சம்பந்தி. எது நான் கலக்குனது?"

வலது கையைத் தொட்டேன்.

"பழுப்புங்களா?"

"ஆமாங்க."

"அப்ப உங்க கண்ணாடி நல்ல கண்ணாடிதான் போங்க."

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போன உங்களுக்கு நினைவு திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து நான் எந்த லைட்டையும் குறை சொல்வதில்லை. எதைப் பார்த்தாலும் வெயிலில் ஒருமுறை, ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மறுகண்ணை மூடி ஒருமுறை பார்க்கிறேன். உங்கள் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

போன வாரம் நிவேதா புதுப் படையின் போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். முன்வரிசைக்கு நல்ல சிவப்பாம்; பின்வரிசைக்கு வேண்டுமென்றே அம்மாயி கலந்த நிறமாம். கார்த்தி பார்த்துவிட்டு, "ரெண்டும் பளிச்சுன்னு தனித்தனியாத் தெரியுது" என்றான்.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் எனக்கு ஒரே சிவப்புதான் தெரிந்தது சம்பந்தியம்மா.

உங்களைப் போல நான் தள்ளிப்போட மாட்டேன். வெறும் கண்புரையாகக்கூட இருக்கலாம். மகனிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. மாடி ஏறி நேரில் பார்க்கப் பயம்; போட்டோ எடுத்த லைட்டாகவும் இருக்கலாம் என்று, அதற்குள் நிவேதாவிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். மத்தியான வெயிலில், இரண்டு பொம்மைகளை மட்டும் ஒட்டி நிறுத்தி, புதுசாக ஒரு போட்டோ எடுத்துப் போடு கண்ணு என்று.