சிவப்பு நூல் கட்டிய பசைக் குப்பி

அன்பு மகன் சரவணக்குமாருக்கு,

மணமேல்குடியிலிருந்து உன் ஆத்தா எழுதுவது. நான் நலம், உன் மகள் சுடர்விழி நலம். கலைமதியும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். கத்தாரில் உன்னைக் காளியம்மா காக்க வேண்டும். கலைமதி கண்ணில் பசை பட்ட அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலு பேர். உன் பொண்டாட்டி கலைமதி, எதிர்வீட்டுச் சந்தனம், வேலை கொண்டு வந்து கொடுக்கும் நாகராசு, நான். சுடர்விழி பள்ளிக்கூடம் போயிருந்தாள். போனில் நீ கேட்டது ஒரு கதை, நடந்தது வேறு.

தூண்டில் முள்ளில் பஞ்சு மாதிரி இருக்கும் போம் ஷீட்டை வெட்டி வைத்து நூல் சுற்றி வண்டு மாதிரி கட்டும் வேலை உனக்குத் தெரியும், வெளிநாட்டுக்காரர்கள் அதைத் தண்ணீரில் மிதக்க விட்டு மீன் பிடிக்கிறார்களாம். கலைமதி இத்தனை நாளும் பஞ்சர் கடைச் சொல்யூஷனைத்தான் போட்டாள். இரண்டு பக்கமும் தடவி, ஈரம் வற்றும் வரை காத்திருந்து அமுக்க வேண்டும், ஆனால் போம் மெத்தென்று வளையும். அந்த நாற்றம் எனக்கு ஆகவில்லை, சோற்றில் கூட அடிக்கிறது என்று சண்டை பிடித்து, நாகராசுவிடம் தொட்டதும் ஒட்டும் குயிக் பசை கேட்டு வாங்கியது நான். அது போமை விறைக்க வைக்கும், மடக்கினால் வெடிக்கும், காரமும் அதிகம் என்று அவள் சொன்னாள். சந்தனமும், மீன் ஏமாறக் கட்டுறீங்களா, வாங்குறவன் ஏமாறக் கட்டுறீங்களா என்று கேட்டுச் சிரித்தாள். நான் கேட்கவில்லை. பசை ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது என்று, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் நான் ஊற்றித் தீர்த்த சொட்டு மருந்துக் குப்பியைக் கழுவிக் கொடுத்ததும் நான்தான். அடையாளம் தெரியக் கலைமதி அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். கடைசி வண்டுக்குக் கால் கட்ட நூல் பற்றவில்லை, எழுந்து போய் எடுக்கச் சோம்பல்பட்டு அந்த நூலை அவிழ்த்துக் கட்டினேன். அந்த வண்டைப் பார்த்தால் இப்போதும் சொல்லுவேன், இடது பக்க இரண்டாவது கால்.

பசைக் காரத்தில் அவளுக்குக் கண் கரித்தது. கையெல்லாம் பிசுக்காக இருக்கிறது, உங்கள் மருந்தில் இரண்டு சொட்டு விடுங்கள் அத்தை என்று தலையை அண்ணாந்தாள். என் மருந்துக் குப்பியும் அதே மாதிரிதான், நூல் இல்லாமல் கிடந்த பசைக் குப்பியை மருந்து என்று எடுத்து விட்டேன். இமை ஒட்டிக்கொண்டதும் பதறிப்போய் இழுத்துப் பிரிக்கவும் பார்த்தேன். நாகராசுதான் என் கையைப் பிடித்து, இழுக்காதீங்க, தண்ணியை ஊத்துங்க என்று சொல்லி, தன் வேனிலேயே புதுக்கோட்டைக்குக் கொண்டு போனான். உன் அக்கா கல்யாணத்தில் சோறு வேகவில்லை என்று இலையை மூடிவிட்டு எழுந்தவன் அவன், பதினெட்டு வருஷமாக அவனுக்கு நான் தண்ணீர் கூடக் கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் இமையைப் பிரித்துவிட்டார்கள், கருவிழியில் கீறல் இருக்கிறது, வியாழக்கிழமை கட்டு அவிழ்த்துப் பார்த்துத்தான் பார்வை எப்படி என்று சொல்ல முடியும் என்கிறார்கள்.

வரும் வழியிலேயே அவள் என்னிடம், "பசை தானா தெறிச்சிருச்சுன்னே சொல்லுங்க அத்தை. அவரு கடலுக்கு அங்கிட்டு இருக்காரு, ஒங்க மேல கோவப்பட்டா யாரு சமாதானம் பண்றது" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். நீ போனில், கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வேலை பாக்கத் தெரியாதா என்று கேட்டாய். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் ஆறு நாளாக நீ அவளோடு பேசவில்லை. சாப்பிடும்போதும் அவள் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சந்தனத்தின் மருமகன் அரவிந்த்குமார் திங்கட்கிழமை அங்கே வருகிறார், இதை அவர் கையில் கொடுத்து விடுகிறேன். மூணாவது வரை படித்த கையெழுத்து, கூட்டிப் படித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். நீயும் உன் பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் கட்டு அவிழ்க்கும் முன்னே கலைமதிக்குப் போன் போடு, மறந்துவிடாதே. நாகராசுவுக்கு நேற்று காப்பி போட்டுக் கொடுத்தேன், அவன் கணக்குத் தீர்ந்தது. அவளுக்குப் பார்வை திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் நான் மன்னிக்க மாட்டேன் என்று வைத்திருப்பது இப்போது ஒரே ஒரு ஆளைத்தான், இந்தக் கடிதம் எழுதுகிறவளை.

இப்படிக்கு,
செவந்தி